கீழ்த்தளத்துப் பூனைகள்

இந்த நேரலையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கடற்பயணம், ரப்பர்த் தோட்டம், அச்சுக்கூடம் என்று பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் தெருப்பூனையை எடுத்துக்கொண்டேன். தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர் சிரித்தார், நீங்களும் சிரிக்கலாம். ஆனால் இந்தப் பூனைகளுக்கும் சட்டம் உண்டு, அபராதம் உண்டு, திட்டம் உண்டு, திட்டம் கைவிடப்பட்ட ஆண்டும் உண்டு. இத்தனையும் இருந்தால் அது வரலாறுதான். நான் வரலாறு படித்தவள் அல்ல. தாதிமைப் பட்டயம் படித்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவள். நோயாளியின் பதிவேட்டைப் படிக்கும் பழக்கத்தில்தான் இதையும் படித்தேன்.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒரு பூனையைப் பார்த்தால் முதலில் அதன் இடது காதைப் பாருங்கள். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அதற்குக் கருத்தடை செய்தாகிவிட்டது என்று பொருள். பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றும். அறுவைக்கான மயக்கத்தில் இருக்கும்போதே அதையும் வெட்டிவிடுவார்கள், சில நாளில் ஆறிவிடும். காதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், தெருப்பூனையைக் கையில் பிடித்துத் தழும்பைத் தேட முடியாது. பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லையென்றால் அதே பெண்பூனையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்கும் நிலை வரும்.

பிடிப்பது, கருத்தடை செய்வது, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது. இந்த முறையை யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1970களில் இங்கிலாந்தில் சில பெண்கள் சொந்தச் செலவில் செய்துவந்தார்கள். ரூத் பிளான்ட் என்பவர் 1977இல் இதற்காகவே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். சீலியா ஹாமண்ட் என்ற 1960களின் புகழ்பெற்ற மாடல் அழகி, பத்திரிகை அட்டைப்படங்களை விட்டுவிட்டு இடிபாட்டுக் கட்டடங்களில் பூனைக்கூண்டு வைத்துக் காத்திருந்தார். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது. 1990இல் வாஷிங்டனில் ஒரு சந்துப் பூனைக் கூட்டத்தைப் பராமரித்த இரண்டு பெண்கள் தொடங்கிய அமைப்பு அதைப் பரப்பியது. எங்கே பார்த்தாலும் சோறு வைத்தவர்கள்தான் முதலில் வருகிறார்கள். மருத்துவர் அவர்கள் பின்னால் வருகிறார், அரசாங்கம் கடைசியாக.

இலக்கிய அமர்வு என்பதால் ஒரு வார்த்தை. நம்மிடம் பூனைக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் வெருகு உண்டு. பாற்கடலையே நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பன் தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறான். என் வேதாகமத்தில்தான் வீட்டுப்பூனை கிடையாது. கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஒரே ஓரிடத்தில், சிலைகளின் மேல் ஏறி உட்கார்வதற்காக வருகிறது. பூனையின் குணத்தை அறிந்தவர்தான் எழுதியிருக்கிறார்.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன்.

கம்பத்து வீடுகளில் பூனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழுந்ததில்லை. தரைவீடு, திறந்த வாசல், எலி உண்டு, மீன்முள் உண்டு. கம்பங்கள் கலைக்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடியேறியபோது பூனையும் கூடவே வந்தது. பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்ற விதி வந்தது. அந்தத் தடை 1989இலிருந்து நின்றது. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். கழகம் சொன்ன காரணங்கள் எளிமையானவை: பூனையை வீட்டுக்குள் அடைத்துவைப்பது கடினம், பொது இடங்களில் அசுத்தம் செய்யும், முடி உதிர்க்கும், இரவில் கத்தி அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். சிறிய வகை நாய் ஒன்றுக்கு அனுமதி இருந்தது. பூனைக்கு இல்லை.

சிங்கப்பூரை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இங்கே வசிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இருப்பது கழக வீடுகளில்தான். ஆக, அங்கே தடை என்றால் அது கிட்டத்தட்ட நாடு முழுவதுக்குமான தடை.

தடையால் வீடுகளிலிருந்து பூனை போய்விடவில்லை. ஒளிந்துகொண்டது. இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதைத்தான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஒளித்து வளர்க்கும் பூனைக்குப் பதிவு கிடையாது. மருத்துவரிடம் கூண்டோடு போனால் மின்தூக்கியில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். கருத்தடை தள்ளிப்போகும். பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அப்போது அது கத்துகிற கத்தல் இரண்டு மாடி தாண்டிக் கேட்கும். அண்டை வீட்டார் புகார் செய்வார்கள். புகார் வந்தால் வீட்டுக்காரருக்குத் தோன்றும் மலிவான வழி, இரவு பதினொரு மணிக்கு அதைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு மேலே வந்துவிடுவது. சினைக்காலம் ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. அந்த ஒரு பூனையால் அடுத்த ஆண்டு கீழ்த்தளத்தில் ஒரு கூட்டமே இருக்கும். நகர மன்றத்துக்குப் புகார் போகும், பூச்சி ஒழிப்பு ஒப்பந்தக்காரர் கூண்டோடு வருவார். தெருவில் பூனை பெருகக்கூடாது என்பதும் அந்த விதியின் நோக்கம்தான். ஆனால் வீட்டுக்குள் பூனை கூடாது என்ற அந்த விதியே தெருவுக்குப் பூனையை அனுப்பிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சுற்றுலாத் துறை ஒரு பூனையை நாட்டின் சின்னமாக்கி விளம்பரம் செய்தது. சிங்கப்பூரா என்ற அந்தப் பழுப்பு நிறக் குட்டிப் பூனைக்கு, மலாயில் பூனையையும் அன்பையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து, குச்சிந்தா என்று பெயர் வைத்தார்கள். ஆற்றோரம் சிலைகளும் வைத்தார்கள். சிங்கப்பூரின் சாக்கடைகளில் திரிந்த பூனை என்று சொல்லி அமெரிக்கத் தம்பதி ஒருவர் உலகுக்கு அறிமுகப்படுத்திய இனம் அது. அவர்கள் ஊரிலிருந்து கண்டெடுத்ததாகச் சொன்ன மூன்று பூனைகளும், அமெரிக்காவிலிருந்து 1974இல் அவர்களே உள்ளே கொண்டுவந்தவை என்று சிங்கப்பூர் ஆவணங்களில் 1987இல் தெரியவந்தது. சின்னம் ஆவதற்கு அது தடையாக இல்லை. ஆற்றோரத்தில் வெண்கலப் பூனைக்கு இடம் இருந்தது, ஈசூனில் மூன்றாவது மாடியில் உயிருள்ள பூனைக்கு இல்லை.

1998இல் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. சோறு வைப்பவர்கள் தங்கள் பூனைகளைக் கருத்தடைக்குக் கொண்டுவந்தால் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அதற்கு முன்பு, புகார் வந்தால் பிடிப்பது, பிடித்தால் கொல்வது என்ற ஒரே வழிதான் இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பூனைகள் அப்படிப் போயின. அடுத்த ஆண்டு, 1999இல், பூனை நலச் சங்கம் உருவானது. இரவில் தனித்தனியாக ஒளிந்து ஒளிந்து சோறு வைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு 2003 வந்தது.

சார்ஸ் காலத்தில் நான் இளம் தாதி. சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் கண்டது, 33 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மருத்துவர்களும் தாதியரும் உண்டு. நாளுக்கு இரண்டுமுறை எங்கள் உடல்வெப்பத்தை எடுத்து எழுதுவோம். முகக்கவசத்தின் ஓரம் கன்னத்தில் பதிந்து தழும்பாகவே நின்றது. நான் தங்கியிருந்த புளோக்கில் சீருடையோடு மின்தூக்கிக்குப் போனால், முன்னால் நிற்பவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல ஒதுங்கிக்கொள்வார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு மே மாதம், சீனாவின் சந்தையில் விற்கப்பட்ட ஒருவகைப் புனுகுப்பூனையிடம் சார்ஸ் கிருமியை ஒத்த கிருமி இருந்ததாகச் செய்தி வந்தது. புனுகுப்பூனை பூனையே அல்ல. அது வேறு குடும்பம், மரநாய்க்கு உறவு. ஆனால் தமிழில் அதன் பெயரிலேயே பூனை இருக்கிறது, ஆங்கிலத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். பெயரே பாதி பயத்தைக் கொண்டுவந்தது என்பது என் எண்ணம். அக்டோபரில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், வீட்டுப்பூனைக்கும் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை ஏற்ற முடியும் என்று காட்டினார்கள். ஏற்ற முடியும் என்பது வேறு, மனிதருக்குப் பரப்பியது என்பது வேறு. பூனையிடமிருந்து மனிதருக்குச் சார்ஸ் வந்ததாக எந்தச் சான்றும் வரவில்லை. கிருமியின் மூல இருப்பிடம் வௌவால் என்பது 2005இல் தெரிந்தது. அதற்குள் குவாங்டோங் மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் புனுகுப்பூனைகளைக் கொல்ல உத்தரவிட்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் அதிகாரிகள் பூனைதான் சார்ஸைப் பரப்புகிறது என்று சொல்லவில்லை. இதை நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். அவர்கள் பேசியது சுத்தத்தைப் பற்றி. ஊரெங்கும் துப்புரவு இயக்கம் நடந்தது. கழிவறை, உணவங்காடி, சந்தை, வடிகால் என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பட்டியலில் தெருப்பூனையும் சேர்ந்துகொண்டது. 1998இல் தொடங்கிய திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பிடிப்பதும் கொல்வதும் வேகமெடுத்தன.

என் புளோக்கில் ஏழாவது மாடியில் ஒரு பாட்டி இருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், துறைமுகத்தில் வேலை செய்தவரின் மனைவி. இரவு பத்தரைக்குப் பழைய தமிழ் முரசுத் தாளில் சோறும் மத்தி மீனும் கட்டிக்கொண்டு இறங்குவார். பக்கத்துப் புளோக்கிலிருந்து ஒரு சீன மூதாட்டி வருவார். இருவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில். பூனை தின்றுமுடித்ததும் தாளைச் சுருட்டி எடுத்து, சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் மேலே போவார்கள். பாட்டியிடம் நாற்பது பக்கக் கோடுபோட்ட நோட்டு ஒன்று இருந்தது. "நர்ஸ் பிள்ள, இத கொஞ்சம் பாத்து எழுதிக் குடும்மா, கண்ணு தெரியல" என்று அவர் கேட்டதால்தான் எனக்கு அது தெரியும். கறுப்பி, வால்கட்டை, மணியக்காரர் என்று பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தப் புளோக், ஆணா பெண்ணா, குட்டி எத்தனை, கடைசியில் 'வெட்டியாச்சு' என்று தேதி. பதினொரு பூனைகள், எட்டுக்கு வெட்டியாச்சு. வார்டில் நாங்கள் எழுதும் பதிவேட்டுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யாருக்குச் சளி, யார் நேற்றுச் சாப்பிட வரவில்லை என்பதுவரை அதில் இருந்தது.

அந்த மே மாதத்தில் கூண்டுகள் வந்தன. காது நுனி வெட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் நோட்டில் இருந்தவற்றில் மிஞ்சியது இரண்டு. பாட்டி அழவில்லை. நோட்டில் ஒன்பது பெயர்களுக்கு நேராக நான் கோடு போட்டுத் தரவேண்டும் என்று கேட்டார். போட்டேன்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்குள் கீழ்த்தளத்தில் மறுபடி ஏழு பூனைகள். எல்லாம் புதியவை, ஒன்றுக்கும் காது வெட்டியிருக்கவில்லை. இரண்டு பெண்பூனைகள் குட்டியோடு. உணவங்காடி அங்கேயேதான் இருந்தது, குப்பைத்தொட்டி இருந்தது, மேலே வீடுகளில் ஒளித்து வளர்ப்பவர்களும் இருந்தார்கள். இடம் காலியானதும் வேறு பூனைகள் வந்தன. கொன்றவை பெரும்பாலும் இனி குட்டி போடாதவை. வந்தவை குட்டி போடுகிறவை. கருணையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்காக மட்டும் பார்த்தாலும் இது நட்டம்தான்.

இது புதிய கதையும் அல்ல. 1665இல் லண்டனில் பிளேக் வந்தபோது நகருக்குள் நாயும் பூனையும் இருக்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. டேனியல் டீஃபோ தம் நூலில் நாற்பதாயிரம் நாய்களும் அதைப்போல் ஐந்து மடங்கு பூனைகளும் கொல்லப்பட்டதாக எழுதுகிறார். பிளேக் நடந்தபோது அவருக்கு ஐந்து வயதுதான், நூல் வந்தது 1722இல். எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆணை உண்மை. எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுகிறது என்பதைப் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் கண்டுபிடிக்கும்வரை, எலி தின்னும் பிராணியைக் கொன்றது எவ்வளவு பெரிய முரண் என்று யாருக்கும் தெரியாது. இதோடு ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன்: போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி 1233இல் பூனைகளைக் கொல்லச் சொன்னார், அதனால்தான் ஐரோப்பாவில் பிளேக் வந்தது என்று. அவருடைய கடிதத்தில் ஒரு மதவிரோதக் கூட்டத்தின் சடங்கைப் பற்றிய வதந்தியில் கறுப்புப் பூனை வருகிறது, அவ்வளவுதான். கொல்லச் சொன்ன ஆணை அதில் இல்லை. நான் கிறிஸ்தவள் என்பதால் போப்பைக் காப்பாற்றவில்லை, நான் சி.எஸ்.ஐ.

பிடித்துக் கருத்தடை செய்து விடும் முறைக்கு ஆதாரம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். சிங்கப்பூர் தன் திட்டத்தைக் கைவிட்ட அதே 2003இன் ஜனவரியில் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஃபுளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 11 ஆண்டுகளாக 155 பூனைகளைப் பெயர் பெயராகக் குறித்துவைத்திருந்தார்கள். 1996இல் வளாகத்தில் 68 பூனைகள், 2002இல் 23. ஆனால் அந்த 155இல் கிட்டத்தட்டப் பாதி வீடுகளுக்குத் தத்துப் போனவை. வெறும் அறுவை மட்டும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மாசசூசெட்ஸில் நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊரில் 1992இல் ஆற்றோரம் முந்நூறு பூனைகள் இருந்ததாகச் சொல்வார்கள்; கடைசிப் பூனை ஸோரோ 2009இல் கிழடாகித்தான் செத்தது. பதினேழு ஆண்டுகள்! இந்த வழிக்கு அவ்வளவு பொறுமை வேண்டும். தோற்ற இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் இரண்டு மாவட்டங்களின் கணக்கை ஆராய்ந்தவர்கள், கூட்டத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் கருத்தடை செய்யாவிட்டால் எண்ணிக்கை இறங்காது என்று கண்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் மனத்திருப்திதான் மிச்சம்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது ரோம். இத்தாலி 1991இல் ஒரு சட்டம் இயற்றியது: தெருப்பூனைக்கு அது வாழும் இடத்திலேயே வாழ உரிமை உண்டு, நலமாக இருப்பதைக் கொல்லக்கூடாது, உள்ளாட்சியின் கால்நடை மருத்துவர்கள் கருத்தடை செய்யவேண்டும். ஜூலியஸ் சீசர் குத்தப்பட்ட இடத்தை ஒட்டியுள்ள தோரே அர்ஜெந்தினா இடிபாடுகளில் ஒரு பூனைக் காப்பகமே இருக்கிறது. சோறு வைக்கும் பெண்களுக்கு அந்த ஊரில் தனிப்பெயரே உண்டு, கத்தாரே. பத்தாண்டுகளில் ரோமில் ஏறத்தாழ 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். நூற்றுச்சொச்சம் கூட்டங்களைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள்: எண்ணிக்கை பொதுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் கூட்டங்களில் சுமார் 21 சதவீதம் வெளியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவை, வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டவையும் அதில் அடக்கம். வீட்டுப்பூனையின் இனப்பெருக்கத்தை மக்கள் கட்டுப்படுத்தாவிட்டால் இந்த உழைப்பு முழுவதும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு என்றே முடித்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏழாவது மாடிப் பாட்டியின் நோட்டு நினைவுக்கு வந்தது. தெருவில் எத்தனை வெட்டினாலும் வீட்டுக் கதவிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

பூனைப் பிரியர்கள் கோபிக்கக்கூடிய ஒன்றையும் சொல்லவேண்டும். இந்த வழி நகரத்துக்கானது. தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவில் வானிலை நிலையத்து எலிகளைப் பிடிக்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களில் அவை மூவாயிரத்தைத் தாண்டி, ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கடற்பறவைகளைத் தின்றன. அங்கே போய்ப் பதினேழு ஆண்டுகள் பொறுத்திருங்கள் என்று சொல்ல முடியாது. அதற்குள் பறவை இருக்காது. 1977இல் பூனைகளைத் தாக்கும் ஒரு தொற்றுநோய்க் கிருமியை வேண்டுமென்றே அங்கே பரப்பினார்கள். பிறகு வேட்டையாடி 1991இல் ஒழித்தார்கள். அந்த நோயில் குட்டி எப்படிச் சாகும் என்று நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன்: வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டபடி குடிக்க முடியாமல் கிடக்கும். அந்தத் தீவுக்கு வேறு வழி இருந்ததா என்று எனக்கே நான் கேட்டுக்கொண்டு பதில் இல்லாமல் விட்ட இடம் இது. இப்போது அங்கே எலிகள் பெருகி ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன.

சிங்கப்பூரில் 2003க்குப் பிறகு என்ன நடந்தது? அரசு விட்ட வேலையைச் சோறு வைப்பவர்களே தொடர்ந்தார்கள். மருத்துவர்கள் சிலர் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நான் 2006இலிருந்து விடுமுறை நாள்களில் இந்த வேலைக்குப் போகிறேன். என் பங்கு சிறியது. கூண்டின் மேல் துண்டைப் போட்டு மூடுவது. இருட்டில் பூனை அடங்கும். அறுவைக்குப் பிறகு உடல் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது, மயக்கம் முழுவதும் தெளியும்வரை விடக்கூடாது என்று அவசரப்படும் தொண்டூழியரிடம் சண்டைபோடுவது. எந்தப் புளோக்கின் எந்தத் தூணருகே பிடித்தோமோ அதே தூணருகே விடவேண்டும். வேறிடத்தில் விட்டால் அது தன் இடத்தைத் தேடிச் சாலையைக் கடக்கும்.

2011இல் அரசு மறுபடி கருத்தடைக்குக் கைகொடுத்தது. 2012இல் ஈசூன் வட்டாரத்தின் சோங் பாங்கில், கழக வீடுகளில் நிபந்தனைகளோடு பூனை வளர்க்கலாம் என்று ஒரு முன்னோட்டம் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும், கருத்தடை செய்திருக்கவேண்டும், மின்சில்லு பொருத்தவேண்டும். நாட்டின் மற்ற வட்டாரங்களில் தடை அப்படியே இருந்தது. முன்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் ஒரு பாலத்தைக் கட்டி முடிக்க எடுக்கும் காலத்தைப்போலப் பல மடங்கு ஒரு பூனையை வீட்டுக்குள் விட எடுத்தது. 2019இல் விலங்குகளின் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்துக்கு மாறியது. 2022இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பெரும்பான்மையோர் பூனைக்குச் சாதகமாகவே சொன்னார்கள். 2024 செப்டம்பர் 1ஆம் தேதி தடை நீங்கியது. 1989இலிருந்து கணக்கிட்டால் 35 ஆண்டுகள்.

புதிய விதிப்படி ஒரு கழக வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம். உரிமம் வேண்டும், மின்சில்லு வேண்டும். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். அந்த அவகாசத்துக்குள், ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் உரிமம் பெற்றுக்கொள்ளலாம். இதை எழுதியவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் சட்டம் அமலுக்கு வந்த வாரத்திலேயே மூன்றாவது பூனைகளெல்லாம் கீழ்த்தளத்துக்கு வந்திருக்கும். தெருப்பூனைகளுக்கும் அதே நாளில், சங்கங்களோடு சேர்ந்து, பிடித்தல், கருத்தடை, தத்து கொடுத்தல் அல்லது திரும்ப விடுதல், பராமரித்தல் என்று ஒரு திட்டம் தொடங்கியது. வீடும் தெருவும் ஒரே நாளில் ஒன்றாகக் கையாளப்பட்டது அப்போதுதான். என்னைக் கேட்டால் அந்தத் தேதியின் முக்கியத்துவம் தடை நீங்கியதில் பாதி, இதில் பாதி.

கவலைகளும் இருக்கின்றன. சோறு வைப்பவர்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் தலையில் இருக்கும் கணக்கு எந்தக் கணினியிலும் இல்லை. பக்கவாதம் வந்து வார்டுக்கு வந்த ஓர் அம்மா, வாய் குழறும் நிலையிலும் என்னிடம் விரலைக் காட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகளை எண்ணுகிறார் என்று மருமகள் நினைத்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த புளோக்கும்மா?" என்று கேட்டேன். சொன்னார். வேலை முடிந்து அன்றிரவு போனேன். ஐந்து பூனைகள் இருந்தன. நான்குக்குக் காது வெட்டியிருந்தது.

ஏழாவது மாடிப் பாட்டி 2009இல் காலமானார். அவர் நோட்டைக் குடும்பத்தார் எனக்குக் கொடுத்தார்கள். நான் இப்போது இருக்கும் புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் பதினொரு ஆண்டாக ஒரு பூனையை ஒளித்து வளர்த்துவந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் பூனை இருப்பது எனக்கே தெரியாது. போன அக்டோபரில் அந்த வீட்டு அக்கா உரிமப் படிவத்தை நிரப்ப உதவி கேட்டு வந்தார். சன்னல்களுக்கு வலை அடித்தாகிவிட்டது, மின்சில்லும் பொருத்தியாகிவிட்டது. பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது அவர் தயங்கினார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது என்று இத்தனை ஆண்டும் அதை 'தம்பி' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். யாராவது காதில் வாங்கினாலும் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? வேறு நல்ல பெயராகப் போடலாமா என்று கேட்டார். அது எதற்குத் திரும்பிப் பார்க்கிறதோ அதையே போடுங்கள் அக்கா என்றேன். தம்பி என்றே எழுதினோம்.